ஐயம் எழுந்தால் ஆங்கிலமா?



வழக்குமன்றத்தில் ஐயம் எழுமாயின் அதன் பயன் குற்றஞ்சாட்டப்பெற்றவர்க்குச் சேரும். இஃது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பெற்ற முறை. ஆயின், அம்முறையைக் கற்றுத் தேர்ந்து வழக்கறிஞனாக வரவேண்டும் என்னும் வேட்கையோடு தேர்வுக்கூடத்தில் அமர்ந்திருக்கும் தமிழ் மாணவனின் கையிலுள்ள வினாத்தாளில் ஐயம் எழுமாயின், அதன் பயன் யாருக்குச் சேர்கின்றது? அவனுக்கன்று, ஆங்கிலத்திற்கு!

'ஐயம் வருமிடத்து ஆங்கில வடிவமே முடிவானது' என்னும் பொருள்பட ஒரு குறிப்பு இருமொழி வினாத்தாள்களில் அச்சிடப்பெறுவதை நம்முள் பலர் பார்த்திருப்போம். தில்லியிலிருந்து வரும் தாள்களில் மட்டுமா அது காணப்பட்டது? இல்லை. தமிழ்நாட்டரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வினாத்தொகுப்புகளிலேயே அச்சாகி வந்த வரி அது. தமிழ்நாட்டில், தமிழர் வரிப்பணத்தில், தமிழர்க்குப் பணியாற்றப் போகின்ற அலுவலரைத் தேர்ந்தெடுக்கத் தமிழில் ஒரு வினாவை எழுதிவிட்டு, 'இத்தமிழை நம்பாதே' என்று அதே தாளின் முகப்பில் எழுதி வைத்தால் அதற்கு என்ன பெயர்? தமிழை அரியணையில் ஏற்றினோம் என்று மேடைதோறும் முழங்குவோர் இதற்கு மறுமொழி கூறட்டும்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலிற் கூறிவிடுகின்றேன். கந்தர்வகோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றினின்று வந்து என்னிடம் தமிழ் பயின்றவன் ஒருவன். அவன் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் அவனே. தந்தைக்கு முந்திரிக்காட்டில் கூலிவேலை. சட்டம் படித்தான், தமிழ்வழியே படித்தான். தகுதித்தேர்வு ஒன்றை எழுதிவிட்டு ஒருநாள் மாலை என் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்தான். எந்தத் தேர்வு என்று இங்குப் பெயர் சுட்டேன், அது வேண்டுவதுமில்லை.

"ஐயா, ஒரு வினாவைத் தமிழில் படித்தால் ஒரு விடை வருகிறது, ஆங்கிலத்தில் படித்தால் வேறு விடை வருகிறது. நான் தமிழை நம்பி எழுதிவிட்டேன்" என்றான்.

நினைவிலிருந்து வினாவைச் சொல்லச் சொன்னேன். சொன்னான். சட்டத்தில் நடுவரின் விருப்புரிமைக்கு விடப்பெற்றுள்ள ஒரு செயலைத் தமிழாக்கியவர் 'செய்ய வேண்டும்' என்று எழுதியிருக்கின்றார். 'செய்யலாம்' என்பதற்கும் 'செய்ய வேண்டும்' என்பதற்கும் உள்ள வேறுபாடு சட்டத்தில் சிறு வேறுபாடா? முன்னது உரிமை, பின்னது கடமை. ஒரு மனிதன் வீட்டுக்குச் செல்வதா சிறைக்குச் செல்வதா என்பதே சிலபொழுது அவ்வொரு சொல்லில் தொங்குகின்றது. தமிழில் இவ்விரண்டையும் ஐயத்திற்கு இடமின்றிப் பிரித்துக் காட்ட ஒரு சிறுவனுக்கும் தெரியும். தெரியாதவர் அம்மொழிபெயர்ப்பாளர் ஒருவரே! பிழை செய்தவர் கூலி வாங்கிச் சென்றுவிட்டார்; பிழை செய்யாதவன் மதிப்பெண் இழந்து என் திண்ணையில் அமர்ந்திருந்தான்.

"தம்பி, நீ தமிழை நம்பியது தவறன்று, அவர்கள் தமிழை நம்பாததே தவறு" என்று மட்டுமே அன்று என்னாற் சொல்ல முடிந்தது. அச்சொல்லை முழுமையாக்கவே இதனை எழுதுகின்றேன்.

வழக்கறிஞராவதற்கு இந்நாளில் உள்ள வழியைப் பார்ப்போம். சட்டப் பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்ட அளவில் ஒருவர் கருப்பங்கி அணிந்து வழக்காடிய காலம் போயிற்று. 'பார் கவுன்சில்' என்று ஆங்கிலப் பெயராலேயே வழங்கும் இந்திய வழக்கறிஞர் பேரவை 2010ஆம் ஆண்டில் ஒரு விதி வகுத்தது. அதன்படி அனைத்திந்திய வழக்கறிஞர் தேர்வு முதன்முதலாக 2011ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாள் நடந்தது. அன்று அது தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் வைக்கப்பெற்றது. இத்தேர்வு செல்லுமா செல்லாதா என்ற வழக்கில், 2023ஆம் ஆண்டு பிப்பிரவரி 10ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நடுவர் அமர்வு 'செல்லும்' என்று தீர்ப்பளித்துவிட்டது. 1999ஆம் ஆண்டில் அதே மன்றம் வேறு வகையாகச் சொல்லியிருந்ததும் அத்துடன் மாறிற்று. எனவே இத்தேர்வை இனி ஒதுக்கித் தள்ள இயலாது. சிற்றூர்ப் பிள்ளை கருப்பங்கிக்குள் நுழைய இவ்வாயில் ஒன்றே வாயில்.

வினாக்கள் நூறு. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து வட்டத்தைக் கருமையாக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பில்லை. தாளைத் திருத்துவது பொறி. முன்பு நூற்றுக்கு நாற்பது பெற்றாற் போதும் என்றிருந்தது. 2023ஆம் ஆண்டு திசம்பர் 10ஆம் நாள் நடந்த பதினெட்டாம் தேர்விலிருந்து பொதுப் பிரிவினர்க்கும் பிற்படுத்தப்பட்டோர்க்கும் நாற்பத்தைந்து, பட்டியலினத்தார்க்கும் மாற்றுத்திறனாளிகட்கும் நாற்பது என்றாயிற்று. தேர்வு முடிந்ததும் முதலில் ஒரு விடைப்பட்டியலை வெளியிடுவர். அதில் பிழை கண்டவர், வினா ஒன்றுக்கு ஐந்நூறு உருபா கட்டிச் சான்றோடு மறுப்புத் தெரிவிக்கலாம். அம்மறுப்புகளை ஒரு குழு பார்க்கும். பிழையென ஏற்றுக்கொள்ளப்பட்ட வினாக்கள் திரும்பப் பெறப்படும். பின்னர் இறுதி விடைப்பட்டியல், அதன் பின்னர் முடிவு.

2024ஆம் ஆண்டு திசம்பர் 22ஆம் நாள் நடந்த பத்தொன்பதாம் தேர்வில் ஏழு வினாக்கள் இவ்வாறு திரும்பப் பெறப்பட்டன. நூறு வினாவில் ஏழு பிழை! பிழையான தாளை எழுதியவன் பிள்ளை. அதற்குப் பொறுப்பேற்றவர் யார்? முடிவு வெளிவந்தது 2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில். பதினெட்டாம் தேர்வுக்கும் முடிவு வர மார்ச்சுத் திங்கள் இறுதியாயிற்று. பொறி திருத்தும் தாளுக்கு மும்மூன்று திங்கள்! அத்திங்கள்களில் தந்தை கூலிக்குப் போகின்றார். மகன் மூத்த வழக்கறிஞரின் கட்டுகளைச் சுமந்து நிற்கின்றான். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினர்க்கு 750 உருபாவுக்கும் பட்டியலினத்தார்க்கு 125 உருபாவுக்கும் மேற்போகக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2024ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அவ்வாண்டில் இத்தேர்வுக்கு வாங்கப்பட்ட கட்டணமோ பொதுப் பிரிவினர்க்கு 3,500 உருபா. பட்டியலினத்தார்க்கு 2,500 உருபா. முன்வாயிலில் குறைத்ததை உள்வாயிலில் வாங்கிக்கொள்கின்றனர்.

இனி நாம் கூர்ந்து நோக்க வேண்டிய இடத்திற்கு வருவோம்.

விடைப்பட்டியல் என்பது என்ன? 'முதல் வினாவுக்கு இரண்டாம் விடை, இரண்டாம் வினாவுக்கு நான்காம் விடை' என்று செல்லும் எண் வரிசை. அதற்கு மொழியில்லை. ஆங்கிலத்தில் எழுதியவனுக்கும் தமிழில் எழுதியவனுக்கும் அதே பட்டியல். ஆங்கில வினாவில் பிழையிருந்தால் விடையே தடுமாறும், குழு அதனைக் கண்டுகொள்ளும், வினா நீங்கும். ஆனால் ஆங்கிலம் செவ்வையாக இருந்து தமிழ் மட்டும் பிழையாக இருந்தால்? ஆங்கிலப்படி விடை சரி, பட்டியல் சரி, ஆகவே வினாவும் சரி! தமிழைப் படித்து எழுதியவன் தவறியவன். 'ஐயம் எழுந்தால் ஆங்கிலம்' என்னும் அவ்வொரு வரி இருக்கும் வரையில், தமிழ் வினாவிலுள்ள பிழை பிழையாகவே எண்ணப்படாது. பொறிக்குக் கண்ணில்லை என்பர், அதற்கு மொழியுமில்லை. மொழியுள்ள மாந்தர் அதனருகில் அமர்ந்து பார்க்க வேண்டிய இடத்தில் ஆங்கிலம் மட்டும் அறிந்தோரை அமர்த்தினால், அத்தேர்வு மாணவனின் சட்ட அறிவை அளப்பதாகாது. எவரோ ஒரு மொழிபெயர்ப்பாளரின் தமிழறிவை அளந்து, அவர் தவறினதற்கு மாணவனைத் தோல்வியுறச் செய்வதாகும்.

இது வெறுங் கற்பனையன்று. 2018ஆம் ஆண்டில் நம் கண்முன்னே நடந்தது. 'நீட்' எனப்பெறும் மருத்துவ நுழைவுத்தேர்வை அவ்வாண்டு தமிழில் எழுதியவர் 24,720 பேர். நூற்றெண்பது வினாக்களில் நாற்பத்தொன்பது வினாக்களின் தமிழாக்கம் பிழை என்று நாடாளுமன்ற உறுப்பினர் டி.கே. இரங்கராசன் வழக்குத் தொடுத்தார். சிறுத்தை என்னும் பழந்தமிழ்ச் சொல் இருக்க 'சீத்தா' என்று அச்சிட்டிருந்த தாள் அது! காட்டு விலங்குக்கே பெயர் தெரியாதவர் மருத்துவக் கலைச்சொல்லை என் செய்திருப்பார்? தேர்வு நடத்திய நடுவணரசு வாரியம் கூறிய மறுமொழி யாது? ஐயம் எழுந்தால் ஆங்கிலமே முடிவு என்று முன்பே சொல்லிவிட்டோம் என்பதே! நம் புதுக்கோட்டை மாவட்டத்து வழக்குகளும் சென்று சேரும் அதே மதுரைக் கிளை உயர்நீதிமன்றம், சூலை 10ஆம் நாள் அம்மறுமொழியைத் தள்ளி, வினா ஒன்றுக்கு நான்காக 196 மதிப்பெண்களைத் தமிழில் எழுதியவர்க்கு வழங்க ஆணையிட்டது. பத்தே நாள். சூலை 20ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அவ்வாண்டு நவம்பரில் அத்தீர்ப்பையே நீக்கிற்று.

நாம் சினத்தால் மட்டும் பேசுவோரல்லர், நடுநிலை தவறோம். பிழையான வினாவுக்கும் சரியாக விடையெழுதியவர் சிலர் இருந்திருப்பர். அவர்க்கும் 196, விடையே எழுதாதவர்க்கும் 196 என்பது செம்மையான அளவுகோலன்று என்று சொல்வார் கூற்றில் உண்மையுண்டு. ஆனால் அதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் என்ன? மருந்தின் அளவு மிகுதி என்பதற்காக நோயே இல்லை என்றாகிவிடுமா? மதிப்பெண் பட்டியல் வெளியாகிச் சேர்க்கை தொடங்கிய பின்பு எந்தத் திருத்தமும் யாருக்கேனும் இழப்பாகவே முடியும். ஆகவே தமிழ்த்தாளின் பிழை, முடிவு வெளியாவதற்கு முன்பே, தமிழறிந்த சட்ட வல்லுநர்களால், தமிழ்த்தாளைத் தனியே வைத்துப் பார்க்கப்பெற்றாக வேண்டும். அன்று அது செய்யப்படாமற் போனதால்தான் நாற்பத்தொன்பது வினாக்களின் சுமையும் ஒருநாளில் வழக்குமன்றத்தின் தலைமேல் வந்து விழுந்தது.

"வழக்கறிஞர்க்கு ஆங்கிலம் வேண்டுமே, ஆங்கிலம் அறியாதவன் உயர்நீதிமன்றத்தில் எவ்வாறு வழக்காடுவான்?" என்று நம்மவரே சிலர் வினவுவர். இவர்கள் சென்னையையும் தில்லியையும் மட்டும் கண்டவர்கள். ஆலங்குடியிலும் திருமயத்திலும் அறந்தாங்கியிலும் வரப்புத் தகராற்றுக்கும் வாய்க்கால் பங்குக்கும் படியேறி நிற்கும் உழவனைக் காணாதவர்கள். அவன் வழக்கு நடப்பது கீழமை மன்றத்தில். தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் வந்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கீழமை மன்றங்களின் மொழி தமிழ் என்றாயிற்று. சான்றுரைப்பவன் தமிழன், கேட்பவன் தமிழன், தீர்ப்புப் பெறுபவன் தமிழன். அங்கு நின்று வழக்காடுபவன் மட்டும் ஆங்கிலத்தில் அளக்கப்பெற வேண்டுமா? ஆங்கிலம் கற்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தமிழில் தேர்வெழுத உரிமை கொடுத்த பின், அத்தமிழை முழுத்தமிழாக மதி என்றே சொல்கின்றோம்.

உயர்நீதிமன்றத்தில் தமிழ் நுழையக் கூடாதென்று சட்டமுமில்லை. அரசமைப்பின் 348ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, குடியரசுத் தலைவரின் இசைவோடு ஆளுநர் மாநில மொழியை உயர்நீதிமன்ற நடவடிக்கைகட்கு ஏற்கலாம் என்கின்றது. அதன்படி இராசசுத்தானில் 1950இலும், உத்தரப் பிரதேசத்தில் 1969இலும், மத்தியப் பிரதேசத்தில் 1971இலும், பீகாரில் 1972இலும் இந்தி ஏறியமர்ந்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006ஆம் ஆண்டு திசம்பர் 6ஆம் நாள் தமிழுக்காகத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பிற்று. 2012ஆம் ஆண்டில் உச்சநீதிமன்ற நடுவர்களின் முழு அவை அதற்கு இசைய மறுத்தது. இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு மூடிக்கொண்டது. ஒரே பிரிவு, ஒரே எழுத்து, இரண்டு முறை! இதனை ஒருமைப்பாடு என்று நாம் நம்பவேண்டுமாம்.

நம் மண்ணின் வரலாறு இதற்கு மாறானது. திருமயம் மலைக்குச் செல்வார் அங்குள்ள கல்வெட்டைக் காணட்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அங்குள்ள சிவன் கோயிலுக்கும் திருமால் கோயிலுக்கும் இடையே நெடுநாளாக நிலவிய பூசல், போசளத் தண்டநாயகன் அப்பண்ணன் முன்னிலையில் தீர்த்துவைக்கப்பெற்றது. போசளர் கன்னட நாட்டினர். படையோடு வந்தவன், வெற்றியோடு வந்தவன். எனினும் அத்தீர்வு தமிழிற் கல்லில் வெட்டப்பெற்றது. ஏன்? அத்தீர்வுக்குக் கட்டுப்பட வேண்டியவர் தமிழர். அவர் படித்தறிய வேண்டும். வேற்றுநாட்டுத் தண்டநாயகனுக்கு இருந்த இவ்வறிவு நம்மை ஆளவந்தோர்க்கு ஏன் இல்லை? புதுக்கோட்டைச் சீமையின் கல்வெட்டுகள் 1929ஆம் ஆண்டில் நூலாகத் தொகுக்கப்பெற்றன. அதனைப் புரட்டிப் பாருங்கள். நிலவிற்பனை, நீர்ப்பங்கு, இறைநீக்கம், உடன்பாடு, அறக்கட்டளை என்று பக்கந்தோறும் சட்டத்தமிழ் பேசுகின்றது. தமிழுக்குச் சட்டம் புதிது என்பவர் தமிழ் அறியாதவர்.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் இவ்வொளி அவியவில்லை. மாயூரம் வேதநாயகனார் முறைமன்ற நடுவராயிருந்தவர்; மேல்மன்றத் தீர்ப்புகள் ஆங்கிலம் அறியாதவர்க்கும் எட்ட வேண்டும் என்று அவற்றைத் தமிழில் நூலாக்கி 1860களிலேயே வெளியிட்டார். பின்னாளில் உயர்நீதிமன்ற நடுவராயிருந்து ஓய்வுபெற்ற எசு. மகராசனார் தலைமையில் தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்ட ஆணையம் சட்டங்களைத் தமிழாக்கியும் சட்டச்சொற்களைத் தொகுத்தும் பணியாற்றிற்று. இதற்கும் மேலாக ஒன்று சொல்வேன். 1973ஆம் ஆண்டில் நாடாளுமன்றமே ஒரு சட்டம் இயற்றியுள்ளது. நடுவணரசுச் சட்டமொன்றன் மாநிலமொழி ஆக்கம் குடியரசுத் தலைவரின் அதிகாரத்தோடு அரசிதழில் வெளியிடப்பெறின், அஃது அம்மொழியில் அச்சட்டத்தின் அதிகாரமுள்ள வடிவமாகவே கொள்ளப்பெறும் என்பது அதன் கருத்து. எண்ணிப் பாருங்கள்! சட்டத்திற்கே தமிழில் அதிகாரமுள்ள வடிவம் இருக்கலாமாம். அச்சட்டத்தைப் பற்றிக் கேட்கும் ஒரு மதிப்பெண் வினாவுக்கு மட்டும் இருக்கக்கூடாதாம்!

இந்நிலையில் 2024ஆம் ஆண்டு சூலை முதல் நாள் மூன்று குற்றவியற் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. ஆங்கிலேயன் வைத்த பெயரை நீக்குகின்றோம் என்று சொல்லிப் 'பாரதிய நியாய சன்கிதா', 'பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா', 'பாரதிய சாக்சிய அதினியம்' என்று பெயரிட்டனர். ஆங்கில வடிவிலும் இவையே பெயர். நம் பிள்ளைகள் தேர்வுக்குப் படிப்பதும் இவற்றையே. ஒரு பக்கம் ஆங்கிலம் முடிவான மொழி. மறுபக்கம் வடமொழி பெயரிடும் மொழி. இவ்விரண்டு கற்களுக்கும் இடையே தமிழ் மாணவன் அரைபடுகின்றான். குற்றம் செய்தவனுக்குத் தன்மேல் எந்தச் சட்டம் பாய்ந்தது என்று பெயர் சொல்லக்கூட நா வளையாத நாட்டில், 'சட்டம் அறியேன் என்று சொல்லித் தப்ப முடியாது' என்னும் கோட்பாடு மட்டும் உரத்துச் சொல்லப்படுகின்றது.

கடலுக்கப்பால் ஈழத்தமிழரும் சிங்களரும் வாழும் இலங்கையில் நடந்ததும் நமக்குப் பாடம். அங்குச் சட்டக் கல்லூரித் தேர்வுகளை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்துவது என்று 2020ஆம் ஆண்டு திசம்பர் 30ஆம் நாள் அரசிதழில் விதி வெளியிடப்பெற்றது. தமிழ் மாணவன், சிங்கள மாணவன் என்ற வேறுபாடின்றித் தாய்மொழியில் கற்றோர் அனைவரையும் அது தாக்கிற்று. எதிர்ப்பு எழுந்தது. 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவ்விதி நாடாளுமன்றத்திற்கு வந்தபொழுது தோற்கடிக்கப்பெற்றது. 1956ஆம் ஆண்டில் சிங்களம் மட்டுமே என்று சட்டம் செய்து தமிழனைத் தள்ளிய அதே மன்றம், தன் மொழிக்கும் இடர் வந்தபொழுது விழித்துக்கொண்டது. நம் நாட்டிலோ, தமிழ்நாட்டின் நாற்பது மக்களவை உறுப்பினரைத் தேர்ந்தனுப்பும் வாய்ப்பிருந்தும், என்றால் புதுவையையும் சேர்த்தே சொல்கின்றேன், ஒரு வினாத்தாளின் ஒரு வரியை அடிக்க இயலவில்லை.

பல மொழி பேசும் நாட்டில் ஒரு மொழியை முடிவாகக் கொள்ளாமல் எவ்வாறு சட்டம் நடக்கும் என்று வியப்போர் கனடாவைப் பார்க்கட்டும். அந்நாட்டில் 1982ஆம் ஆண்டு உரிமைச் சாசனப்படி ஆங்கில வடிவும் பிரெஞ்சு வடிவும் நிகரான அதிகாரமுடையவை. இரண்டும் மாறுபட்டால் இரண்டையும் ஒப்புநோக்கிப் பொதுப்பொருளைத் தேடுவர். ஒன்றை எடுத்து மற்றொன்றைக் குப்பையில் எறிவதில்லை. சுவிட்சர்லாந்தில் செருமானியம், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மும்மொழிச் சட்ட வடிவங்களும் நிகரானவை. ஐரோப்பிய ஒன்றியமோ இருபத்து நான்கு மொழிகளைச் சமமாக வைத்து ஆள்கின்றது. நம் மொழியைவிடச் சிறிய மக்கள்தொகையுடைய மொழிகள் அவற்றுட் பல. அங்கெல்லாம் வானம் இடிந்து விழவில்லை.

நம்மவர் குற்றத்தையும் மறைக்கமாட்டேன். மறைத்தால் நான் ஆசிரியனல்லன். ஒரு கருத்துக்கு ஒரு சொல் என்று நாம் உறுதி செய்யவில்லை. ஒருவர் 'பிணை' என்கின்றார். ஒருவர் 'சாமீன்' என்கின்றார். ஒருவர் 'தடையாணை' என்கின்றார். மற்றொருவர் 'உறுத்துக்கட்டளை' என்கின்றார். கொலை என்னும் குற்றத்திற்கும், கொலையளவு எட்டாத உயிர்ப்போக்குக் குற்றத்திற்கும் இடையே சட்டம் நூலிழை வேறுபாடு காட்டுகின்றது. புதிய சட்டத்தின் 100, 101ஆம் பிரிவுகள் அவை. இரண்டுக்கும் 'கொலை' என்றே எழுதிவிடும் சோம்பல் நம் மொழிபெயர்ப்பாளரிடத்து உண்டு. அகரமுதலிகள் அலமாரியில் உறங்குகின்றன. தனித்தமிழ் என்று நாம் முழங்குவது புதுச்சொல் படைப்பதோடு நின்றுவிடலாகாது. படைத்த சொல்லை நிலைநிறுத்துவதும் நம் கடமையே. நம் மாணவன் ஐந்நூறு உருபா கட்டி மறுப்பெழுதும்பொழுது, சான்றாகக் காட்ட ஓர் ஒப்புக்கொள்ளப்பட்ட சொற்றொகுதி அவன் கையில் இருக்கின்றதா? இல்லையெனில் அக்குற்றம் தில்லியுடையது மட்டுமன்று.

முடிவை வெளியிடும் முறை பற்றியும் ஒரு சொல். உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் பராந்தகன் காலத்தன. 919, 921ஆம் ஆண்டினவை. பார்ப்பனர் ஊரவையில் பார்ப்பனர்க்கென வகுத்த தகுதிகளை நான் போற்ற வரவில்லை. ஆனால் குடவோலை எடுத்த முறையை மட்டும் பாருங்கள். ஒரு சிறுவனைக் கொண்டு ஓலை எடுப்பித்தனர். அதனை வாங்குபவன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். பெயரை உரக்கப் படிக்க வேண்டும். அங்கிருந்த மற்றோரும் அதனைப் படிக்க வேண்டும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் முடிவு அறிவிப்பதில் இருந்த விரிந்த கை இன்று எங்கே? எத்தனை பேர் தமிழில் எழுதினர்? அவருள் எத்தனை பேர் தேறினர்? ஆங்கிலத்தில் எழுதியோர் தேர்ச்சிக்கும் தமிழில் எழுதியோர் தேர்ச்சிக்கும் இடைவெளி எவ்வளவு? தமிழ்த்தாளின் மேல் வந்த மறுப்புகள் எத்தனை, ஏற்கப்பட்டவை எத்தனை? ஒவ்வொரு தேர்விலும் முடிவோடு சேர்த்து இவற்றை வெளியிட்டாக வேண்டும். மூடிய கையிலிருந்து வரும் முடிவை நம்புவதற்கு நாம் கடன்பட்டவரல்லேம்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

ஒன்று: 'ஐயம் எழுந்தால் ஆங்கிலம்' என்னும் வரி எவ்வகைத் தேர்விலும் இருத்தலாகாது. இரு வடிவமும் நிகர்; ஐயத்தின் பயன் எழுதியவனுக்கே. இதனைத் தமிழ்நாட்டரசு முதலில் தன் தேர்வுகளிற் செய்து காட்டட்டும். தன் வீட்டுக் குப்பையைக் கூட்டாதவன் தில்லித் தெருவைக் குறைகூற இயலாது.

இரண்டு: தமிழ் வினாக்களைச் சட்டமும் தமிழும் ஒருங்கே கற்றவர் இயற்ற வேண்டும், குறைந்தது அச்சுக்கு முன் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும்.

மூன்று: விடைப்பட்டியலைத் தமிழ் வினாத்தாளோடு தனியே ஒப்பிட்டுப் பார்த்த பின்பே முடிவு வெளிவர வேண்டும். தமிழில் மட்டும் பிழையான வினாவைத் தமிழில் எழுதியவர்க்கு மட்டும் நீக்கி, எஞ்சியவற்றின் விழுக்காட்டால் தேர்ச்சி காண வேண்டும். ஏழு வினாவை நீக்கி எஞ்சியவற்றால் எல்லார்க்கும் கணக்கிட முடிந்தோர்க்கு இது முடியாததன்று.

நான்கு: ஏற்கப்பட்ட மறுப்புக்குக் கட்டிய பணம் திரும்ப வேண்டும். பிழை அவர்களுடையது, தண்டம் நம்முடையதா?

ஐந்து: தமிழ்வழி கற்றோர்க்கு அரசுப் பணியில் இருபது விழுக்காடு ஒதுக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் தாளில் மட்டும் வாழாமல், தமிழ்வழிச் சட்டக் கல்விக்கு நூல்களும் ஒருமித்த சொற்றொகுதியும் அரசால் ஆக்கப்பெற வேண்டும்.

தமிழன்பர்களே! இது பதவி வேட்டையன்று, மொழிவெறியுமன்று. ஏழைத் தமிழன் தன் வழக்கைத் தன் மொழியில் சொல்ல, அதனைத் தன் மொழியில் கற்ற ஒருவன் எடுத்துரைக்க, தன் மொழியிலேயே தீர்ப்பைக் கேட்டறியும் உரிமை பற்றியது. அவ்வுரிமையின் முதற்படி இத்தேர்வு. முதற்படியிலேயே 'உன் தமிழ் செல்லாது' என்று எழுதி வைத்தால் மேற்படிகளில் எதனைத் தேடுவது?

அன்று திண்ணையில் அமர்ந்திருந்த பிள்ளை மீண்டும் தேர்வெழுத அணியமாகி வருகின்றான். "இம்முறை ஆங்கிலத்தில் எழுதிவிடட்டுமா, ஐயா?" என்று கேட்டான். நான் வாய் திறக்குமுன் அவனே தலையை அசைத்துக்கொண்டு, "தமிழிலேயே எழுதுகிறேன், பிழையைக் கண்டால் மறுப்பும் எழுதுகிறேன்" என்றான். அவன் எழுதுவான். அவன் எழுதும் மறுப்புத் தாள் தனித்தாளாக நின்று தோற்பதா, நம் அனைவரின் குரலாக நின்று வெல்வதா என்பதை நாம் முடிவு செய்வோம்.

அம்முடிவிலாவது ஐயம் எழாதிருக்கட்டும்!